ஒற்றை எம்.பி. கட்சியும் ஐந்து வருடக் கணக்கும்

மக்களவையில் ஒரு மசோதாவுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினால் அது 240 நிமிடம். 543 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 26 விநாடி வரும். கட்சிகளுக்கு நேரம் பிரிப்பது எண்ணிக்கையை வைத்துத்தான். அதனால் ஒரே ஒரு எம்.பி. வைத்திருக்கும் கட்சிக்குக் கணக்குப்படி கிடைப்பது அந்த 26 விநாடிதான். நடைமுறையில் அவையை நடத்துபவர் மனசு வைத்து இரண்டு, மூன்று நிமிடம் கொடுப்பார். அதுவும் பெரிய கட்சிகள் எல்லாம் பேசி முடித்து, பாதி இருக்கை காலியாகி, அமைச்சர் பதிலுரைக்குக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்.

சிறு கட்சியிலிருந்து முதல் முறை டெல்லிக்குப் போகிறவர்களும், அவர்களுக்கு உதவியாளராகப் போகும் இளைஞர்களும் முதல் கூட்டத்தொடரிலேயே சோர்ந்துபோவது இங்கேதான். பேச நேரம் கேட்டுக் கேட்டே ஒரு வருடம் ஓடிவிடும். ஆனால் அவை விதிகளைப் பொறுமையாக உட்கார்ந்து வாசித்தால் ஒன்று பிடிபடும். உறுப்பினருக்குக் கிடைப்பவை இரண்டு வகை. கட்சியின் பலத்தைப் பார்த்துக் கொடுப்பது ஒரு வகை: விவாத நேரம், எதற்கு எவ்வளவு நேரம் என்று முடிவு செய்யும் அலுவல் ஆலோசனைக் குழுவில் இடம், நாடாளுமன்றக் கட்டடத்தில் அறை. தனி உறுப்பினர் என்பதற்காகவே கிடைப்பது இன்னொரு வகை: கேள்வி, திருத்தம், தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது), அவசரச் சட்டத்தை எதிர்க்கும் தீர்மானம், வாக்கெடுப்பு கோரும் உரிமை. இந்த இரண்டாவது வகையில் 240 பேர் கொண்ட கட்சியின் உறுப்பினரும் ஒற்றை ஆளும் ஒன்றுதான். இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. சிறு கட்சி எம்.பி. அலுவலகத்தின் வேலை என்பது பெரும்பாலும் அந்தக் கெடுக்களைத் தவறவிடாமல் இருப்பதுதான்.

அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது சின்னம். எந்தச் சின்னத்தில் ஜெயித்தீர்கள் என்பதைப் பொறுத்தே அவையில் நீங்கள் எந்தக் கட்சி என்பது முடிவாகும். கட்சித் தாவல் தடைச் சட்டமான பத்தாவது அட்டவணை, வேட்பாளராக நிறுத்திய கட்சியின் உறுப்பினராகவே ஒருவரைக் கருதுகிறது. கூட்டணித் தலைமைக் கட்சியின் படிவம் ஏ, படிவம் பி (இவர் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தேர்தல் அதிகாரிக்குக் கொடுப்பவை) வாங்கி அதன் சின்னத்தில் நின்றால், வீட்டு வாசலில் எந்தக் கொடி பறந்தாலும் அவையில் நீங்கள் அந்தப் பெரிய கட்சியின் ஆள்தான். அந்தக் கட்சிக் கொறடா உத்தரவு உங்களுக்கும் பொருந்தும். மீறினால் பதவி போகலாம்.

2019 தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகளின் இரண்டு தொகுதிகளைப் பாருங்கள். சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்று 3,219 வாக்கு வித்தியாசத்தில் தப்பித்தார். விழுப்புரத்தில் ரவிக்குமார் திமுகவின் உதயசூரியனில் நின்று ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரே கட்சி, ஒரே கூட்டணி. உதயசூரியன் பாதுகாப்பானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவைப் பதிவேட்டில் ரவிக்குமார் திமுக உறுப்பினர். 2024இல் இருவருமே பானையில் நின்று ஜெயித்தார்கள். 25 தொகுதிக்கு ஒரு எம்.பி., மீதித் தொகுதிகளுக்கு இன்னொன்று என்ற கணக்கில், 39 தொகுதி உள்ள தமிழ்நாட்டில் இரண்டு எம்.பி. இருந்தால் மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைக்கும். அந்தக் கட்சிக்குக் கிடைத்தது. கூட்டணிப் பேச்சில் இடத்தின் எண்ணிக்கைக்காக மல்லுக்கட்டிவிட்டு, சின்னத்தை விட்டுக்கொடுத்து வருகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சொந்தச் சின்னத்தில் வந்த ஒரு இடம், கடன் சின்னத்தில் வந்த இரண்டு இடத்தைவிட அவையில் கனமானது என்பதே எங்கள் கருத்து.

சொந்தச் சின்னம் என்றாலும் அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு அது நிரந்தரம் கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் தேர்தல் ஆணையத்திடம் மனு போட வேண்டும். அவையின் காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது மனு வாங்கத் தொடங்குவார்கள். 2024 ஜூன் 16இல் முடியவிருந்த அவைக்கு 2023 டிசம்பர் 17இல் தொடங்கியது. முதலில் மனு போட்டவருக்கே முன்னுரிமை. நாம் தமிழர் கட்சி கரும்பு விவசாயி சின்னத்தை அந்த முறை இழந்து மைக் சின்னத்துக்கு மாறியது இப்படித்தான். திருச்சியில் மதிமுக பம்பரம் கேட்டுக் கிடைக்காமல் தீப்பெட்டியில் நின்று ஜெயித்தது. தீப்பெட்டியை மூன்று வாரத்தில் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த உழைப்பு சாதாரணமானது அல்ல.

மாநிலங்களவைக்குப் போகிறவர்களுக்குச் சின்னத் தொல்லை இல்லை. ஆனால் 234 எம்.எல்.ஏ.க்கள் ஆறு இடத்துக்கு வாக்களிக்கும்போது ஒரு இடத்துக்கு 34 வாக்கு வேண்டும். எந்தச் சிறு கட்சியிடமும் அது இருக்காது. கூட்டணி கொடுத்தால்தான் உண்டு. 2019இல் வைகோ போனது அப்படித்தான்.

இனி கேள்விகளுக்கு வருவோம். எங்களைக் கேட்டால், ஒற்றை எம்.பி.யின் நேரத்தில் பாதியைக் கேள்விக்கே கொடுக்கலாம் என்போம். குறைந்தது 15 முழு நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அமைச்சகங்கள் ஐந்து குழுவாகப் பிரிக்கப்பட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கு ஒரு நாள். கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த அன்றே அந்த அட்டவணையை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாத கேள்வி. யாருடையது வரும் என்பது குலுக்கலில் முடிவாகும். குலுக்கலுக்குக் கட்சி தெரியாது. அதனால் தினமும் எல்லாக் குழுவுக்கும் நோட்டீஸ் போடுகிறவருக்கே அடிக்கடி விழும்.

நட்சத்திரக் கேள்விக்கு வாய்மொழிப் பதில், கேட்டவருக்கு இரண்டு துணைக்கேள்வி. 20இல் ஐந்தாறு மட்டுமே பெரும்பாலும் அவையில் எடுக்கப்படும். மற்றவை எழுத்துப் பதிலாகிவிடும். அதனால் நட்சத்திரத்துக்காக ஏங்க வேண்டாம். நட்சத்திரமில்லாத கேள்வியில் வரும் புள்ளிவிவரம்தான் தொகுதியிலும் நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் நின்று பேசும்.

கேள்வி எழுதுவதில்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். ‘தமிழக மீனவர்கள் தொடர்ந்து கைது செய்யப்படுவதை அரசு அறியுமா, அறிந்திருந்தால் எடுத்த நடவடிக்கை என்ன?’ என்று கேட்டால் வரும் பதில் எல்லோருக்கும் மனப்பாடம்: ஆம், இலங்கை அரசிடம் தூதரக வழியில் வலியுறுத்தப்பட்டு வருகிறது. அதையே இப்படி உடைக்கலாம். (அ) கடந்த மூன்று ஆண்டுகளில், ஆண்டு வாரியாக, கைதான மீனவர்கள் எத்தனை பேர், பிடிபட்ட படகுகள் எத்தனை. (ஆ) அவற்றில் விடுவிக்கப்பட்டவை எத்தனை, உண்மையில் இந்தியா வந்து சேர்ந்தவை எத்தனை. (இ) மீனவர் பிரச்சினைக்கான இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழு கடைசியாகக் கூடிய தேதி எது. (ஈ) அடுத்த கூட்டம் எப்போது. இதற்கு எண்ணும் தேதியும் இல்லாமல் பதில் எழுத முடியாது. விடுவிக்கப்பட்ட படகுக்கும் திரும்பி வந்த படகுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம்தான் ராமேஸ்வரத்தில் ஒரு குடும்பத்தின் கடன்.

கேள்வி 150 சொல்லைத் தாண்டக் கூடாது. ஒரே பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். கருத்துக் கேட்கக் கூடாது. மாநிலப் பட்டியலில் உள்ளதைக் கேட்டால் நிராகரித்துவிடுவார்கள். அரசு மருத்துவமனையில் மருத்துவர் இல்லை என்று கேட்டால் போகாது; தேசிய நலவாழ்வு இயக்கத்தில் அந்த மாவட்டத்துக்கு ஒன்றிய அரசு விடுவித்த தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று கேட்டால் போகும். ஒன்றிய அரசின் பணம், சட்டம், நிறுவனம் மூன்றில் எது இதில் இருக்கிறது என்று முதலில் தேட வேண்டும்.

பதில் வந்த பிறகும் வேலை இருக்கிறது. ‘விவரங்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன, அவையின் மேசையில் வைக்கப்படும்’ என்று வந்தால் பலர் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அந்த வாக்கியம் ஒரு உறுதிமொழி. அரசு உறுதிமொழிக் குழு அதைப் பதிந்துகொள்ளும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறாவிட்டால் அந்தக் குழுவுக்கு எழுதலாம். ஒரு பேரேட்டில் கேள்வி எண், தேதி, என்ன உறுதி, கெடு எப்போது என்று நான்கு கட்டம் போட்டு வைத்திருக்கும் அலுவலகங்கள் மிகக் குறைவு. வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் தயாராக ஒரு ஆயுதம் இருக்கும்.

‘ஜீரோ அவர்’ என்பது உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் நேரம். அதற்கும் குலுக்கல் உண்டு. ஜீரோ அவருக்கென்று எழுத்து விதி எதுவும் கிடையாது, அவைத்தலைவரின் இசைவில் நடப்பது. குலுக்கலில் பின்னால் விழுந்துவிட்டது என்று கிளம்பிவிடக் கூடாது. 2019 ஜூலை 18 அன்று ஜீரோ அவர் இரவு வரை நீண்டு 150 பேருக்கு மேல் பேசினார்கள். அன்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. விதி 377இன் கீழ் கொடுப்பது வேறு வகை: சுமார் 250 சொல்லுக்குள் எழுதிக் கொடுத்து, ஒப்புதல் பெற்ற வாசகத்தை அப்படியே வாசிக்க வேண்டும். பரபரப்பு இருக்காது. ஆனால் அமைச்சகத்திலிருந்து எழுத்துப் பதில் வரும். ரயில்வே மேம்பாலம், வங்கிக் கிளை, தபால் நிலையம் போன்ற தொகுதி விவகாரங்களுக்கு இதுவே நல்ல வழி.

தமிழில் பேசுவது பற்றி ஒரு வார்த்தை. தமிழில் பேச வேண்டும், அதில் தயக்கமே வேண்டாம். அரை மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட்டு, தட்டச்சுப் பிரதி ஒன்றை மொழிபெயர்ப்பாளர்களிடம் சேர்த்துவிட வேண்டும். தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. மேடைப் பழக்கத்தில் நான்கு அடைமொழி போட்டு நீண்ட வாக்கியமாகப் பேசினால், கூண்டில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் நீங்கள் வாக்கியத்தை முடிக்கும்வரை வாய் திறக்க முடியாமல் காத்திருப்பார். அதற்குள் மணி அடித்து மைக் அணைந்துவிடும். அமைச்சரின் காதில் போய்ச் சேர்வது பாதிதான். ஆகவே கோரிக்கை முதல் வாக்கியத்தில், எட்டு பத்து சொல்லில் வர வேண்டும். எண்களுக்கு முன்னும் பின்னும் ஒரு மூச்சு விட வேண்டும். மூன்று நிமிடத்துக்கு 250 சொல் போதும். எழுதியது மிச்சமிருந்தால், பட்ஜெட் விவாதம் போன்றவற்றில் அனுமதி பெற்று மேசையில் வைத்துவிடலாம். அது பேசியதாகவே அவைக்குறிப்பில் ஏறும். யார் மீதாவது பெயர் சொல்லிக் குற்றம் சாட்டப் போவதானால் விதி 353படி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் பேசினால் அந்தப் பகுதி நீக்கப்படும். ஊரில் துண்டறிக்கையாக அச்சடித்தது அவைக்குறிப்பில் இல்லாமல் போகும்.

சட்டம் வரும் நாளில் என்ன செய்யலாம்? அவசரச் சட்டத்தின் இடத்தில் மசோதா கொண்டுவந்தால், அரசியல் சாசனத்தின் 123ஆவது பிரிவின்படி அந்த அவசரச் சட்டத்தை ஏற்க மறுக்கும் தீர்மானத்துக்கு எந்த உறுப்பினரும் நோட்டீஸ் கொடுக்கலாம். தீர்மானமும் மசோதாவும் சேர்த்தே விவாதிக்கப்படும். தீர்மானம் கொண்டுவருபவர் விவாதத்தைத் தொடங்கிவைப்பார். முடிவில் பதில் சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு. 26 விநாடிக்காரர் முதல் பேச்சாளர் ஆகிவிடுகிறார்! கொல்லம் தொகுதியின் என்.கே. பிரேமச்சந்திரன் இதைக் கலையாகவே ஆக்கிவைத்திருக்கிறார். 2014 முதல் மக்களவையில் புரட்சிகர சோஷலிஸ்ட் கட்சிக்கு அவர் ஒருவரே. அவருடைய பேச்சுக்களை அவைக்குறிப்பில் எடுத்து வாசிப்பது புது உறுப்பினருக்கு நல்ல பயிற்சி.

மசோதா அறிமுகத்தையே எதிர்க்க வேண்டுமானால் விதி 72, அன்று காலை 10 மணிக்குள் நோட்டீஸ். நாடாளுமன்றத்துக்கு அந்தச் சட்டத்தை இயற்ற அதிகாரமே இல்லை என்ற காரணம் காட்டினால் முழு விவாதத்துக்கே இடமுண்டு. மாநில உரிமை பேசும் கட்சிகளுக்கு இது முக்கியமான கதவு. உட்பிரிவுகளுக்கான திருத்தத்தை முந்தைய நாளே கொடுத்துவிட வேண்டும்.

திருத்தம் தோற்கும், அது தெரிந்ததுதான். தோற்றது யார் வாக்கில் என்று பதிவாக வேண்டும் என்பதே நோக்கம். குரல் வாக்கெடுப்பில் பெயர் ஏறாது. அவைத்தலைவர் ‘இல்லை என்போர் வென்றனர்’ என்று சொன்ன உடனே, அடுத்த வார்த்தைக்கு முன், டிவிஷன், அதாவது யார் எப்படி வாக்களித்தார் என்று பெயரோடு பதியும் வாக்கெடுப்பு, கேட்க வேண்டும். மூன்றரை நிமிடம் மணி அடித்து, வாசல்கள் அடைபட்டு, மறுபடியும் கேள்வியை முன்வைப்பார். அப்போதும் இன்னொரு முறை மறுக்க வேண்டும். இரண்டாவது முறை சும்மா இருந்துவிட்டுக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று தலைவர் நினைத்தால் எழுந்து நிற்கச் சொல்லித் தலை எண்ணலாம். அப்படி எண்ணினால் பெயர் பதிவாகாது. 2017 டிசம்பர் 28 அன்று முத்தலாக் மசோதாவில் மஜ்லிஸ் கட்சியின் அசதுத்தீன் ஒவைசி வாக்கெடுப்புக் கேட்ட திருத்தத்துக்கு ஆதரவு 2, எதிர்ப்பு 241.

அரசியல் சாசனத் திருத்தத்துக்குச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும் என்பதால் பெயர் பதிவு தானாகவே நடக்கும். 2019 ஜனவரியில் பொருளாதாரத்தில் நலிந்தோர் இட ஒதுக்கீட்டுத் திருத்தத்துக்கு 323 பேர் ஆதரவு. எதிர்த்தவர்கள் மூன்று பேர்: ஒவைசியும் முஸ்லிம் லீக்கின் இரண்டு உறுப்பினர்களும். 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இட ஒதுக்கீட்டுக்கு 454 ஆதரவு, 2 எதிர்ப்பு. அந்த நிலைப்பாடுகளோடு உடன்படுகிறோமா இல்லையா என்பது வேறு விஷயம். யாருக்காக எந்த நாளில் எப்படி வாக்களித்தோம் என்பது அழியாத எழுத்தில் இருக்கிறது. நூறு பொதுக்கூட்டம் தராத சான்று அது.

வாக்குப் பதிவில் இயந்திரக் கோளாறும் விரல் கோளாறும் எப்போதும் உண்டு. 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நாடு ஒரே தேர்தல் மசோதா அறிமுகத்தின்போது புதிய கட்டடத்தில் முதல் முறையாக மின்னணு வாக்கெடுப்பு நடந்தது. திரையில் வந்தது 220-149. சீட்டுகளையும் எண்ணிய பிறகு 269-198. கிட்டத்தட்ட நூறு பேரின் வாக்கு இயந்திரத்தில் சரியாக விழவில்லை. பலகையில் உங்கள் எண்ணின் நிறத்தைப் பார்க்காமல் உட்காரவே கூடாது. தவறியிருந்தால் உடனே சீட்டு கேட்க வேண்டும்: ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, விலகலுக்கு மஞ்சள். ஒருவர் மட்டுமே இருக்கும் கட்சியில் அந்த ஒரு வாக்கு தவறினால் கட்சியே அன்று அவையில் இல்லை என்று பொருள்.

ஒரு வாக்கு எவ்வளவு கனம் என்பதற்கு 1999 ஏப்ரல் 17 போதும். வாஜ்பாய் அரசு 269-270 என்று விழுந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகலை யாரும் மதிப்பதில்லை. அவையின் கடைசி இரண்டரை மணி நேரம் தனிநபர் அலுவல்: ஒரு வாரம் மசோதா, ஒரு வாரம் தீர்மானம். பெரும்பாலோர் மதிய விமானத்தில் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அதனாலேயே அங்கே இருப்பவருக்குத் தாராளமாக நேரம் கிடைக்கும். சனிக்கிழமை காலை விமானத்துக்கு டிக்கெட் போடுவது என்று ஐந்து வருடத்துக்கும் ஒரே முடிவாக எடுத்துவிடலாம். தனிநபர் மசோதாவுக்கு ஒரு மாத நோட்டீஸ், நோக்க காரண அறிக்கை, செலவு வருமானால் நிதிக் குறிப்பு. இதுவரை சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக 1970இல். அதைப் பார்த்து ஒதுங்கிவிடக் கூடாது. 2015 ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. அப்போது அந்த அவையில் திமுகவுக்கு நான்கே உறுப்பினர்கள். மக்களவையைத் தாண்டவில்லை. ஆனால் அதன் பிறகு அரசால் அந்தப் பொருளைத் தவிர்க்க முடியவில்லை; 2019இல் அரசின் சட்டம் வந்தது. அதில் சிவாவின் மசோதாவில் இருந்த பலவும் இல்லை என்ற வருத்தம் திருநர் சமூகத்துக்கு இன்றும் உண்டு.

தீர்மானத்துக்கு இதைவிடப் பழைய சான்று இருக்கிறது. ஆங்கிலத்தை அரசியல் சாசனத்தின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்க்கச் சொல்லி 1959இல் தனிநபர் தீர்மானம் கொண்டுவந்தவர் நியமன உறுப்பினரான ஃபிராங்க் ஆன்டனி. அந்த விவாதத்தில்தான், ஆகஸ்ட் 7 அன்று, இந்தி பேசாதவர்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு உறுதி சொன்னார். திமுகவுக்கு அப்போது மக்களவையில் இரண்டே பேர். தமிழ்நாட்டு அரசியலையே தீர்மானித்த ஒரு வாக்குறுதி, எந்தப் பெரிய கட்சியையும் சேராத ஒருவரின் தனிநபர் தீர்மானத்திலிருந்து பிறந்தது.

அமைச்சகங்களின் மசோதாக்களையும் செலவையும் ஆராயும் நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். கேமரா கிடையாது, அதனால் மரியாதையாகப் பேசுவார்கள். செயலாளர் நிலை அதிகாரிகளிடம் நேருக்கு நேர் கேட்கலாம். உடன்பாடு இல்லையென்றால் மாற்றுக் கருத்துக் குறிப்பு எழுதிச் சேர்க்கலாம். ஆய்வுக்கு ஆள் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். நாடாளுமன்ற நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவு கேட்டதைத் தொகுத்துக் கொடுக்கும். நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் லாம்ப் திட்டத்தில் விண்ணப்பித்தால் படித்த இளைஞர் ஒருவர் உதவிக்குக் கிடைப்பார்.

தொகுதியில் எம்.பி.யை அளப்பது இவற்றால் அல்ல, எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதியால். வருடத்துக்கு 5 கோடி. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி, ஆக ஒன்றுக்குச் சுமார் 83 லட்சம். அதில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிக்கு, அதாவது 75 லட்சம், 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிக்கு. பணம் எம்.பி. கைக்கு வராது. பரிந்துரைக் கடிதம் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆட்சியர் பரிசீலித்து 45 நாளில் ஒப்புதலோ மறுப்போ சொல்ல வேண்டும். மறுப்பு வருவது பெரும்பாலும் நிலத்தால். அங்கன்வாடிக்கு இடம் காட்டுவார்கள். பார்த்தால் அது கோயில் நிலமாகவோ நீர்நிலைப் புறம்போக்காகவோ இருக்கும். கடிதம் எழுதும் முன் வி.ஏ.ஓ.விடம் அடங்கலும் வரைபடமும் பார்த்து, நிலம் யாருடையதோ அந்தத் துறையின் தடையின்மைச் சான்றை வாங்கிவிட வேண்டும். இரண்டாவது தடங்கல் மதிப்பீடு. ஊர்க்காரர் சொல்லும் தொகையைக் கடிதத்தில் எழுதினால், பொறியாளர் போடும் மதிப்பீடு அதிகமாகி, கோப்பு திரும்பி வரும். முதலில் மதிப்பீடு, பிறகு கடிதம். சிறு கட்சிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: உள்ளூர் எம்.எல்.ஏ. கூட்டணித் தலைமைக் கட்சியாக இருப்பார். பணிகளின் பட்டியலை அவரிடம் முன்பே காட்டிவிட்டால் திறப்பு விழாவில் மனக்கசப்பு வராது.

ஐந்தாம் வருடப் பணத்தைத் தேர்தலுக்கு முன் விழாவாக எடுக்கலாம் என்று சேர்த்து வைப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். தேர்தல் நடத்தை விதி அமலுக்கு வந்த நாளில் தரையில் வேலை தொடங்கியிருக்காத பணி அப்படியே நிற்கும், ஒப்புதல் ஆகியிருந்தாலும். 45 நாள் ஒப்புதல், அதன் பின் டெண்டர், பணி ஆணை என்று பின்னோக்கி எண்ணினால், கடைசிப் பரிந்துரைக் கடிதம் நான்காம் வருடம் முடியும்போதே ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மிச்சப் பணம் அடுத்து வருபவரின் கணக்குக்குப் போகும். கல்வெட்டில் அவருடைய பெயர் இருக்கும்.